பானெட் நடுவில் உள்ளங்கை அளவு இடம்

இன்று ஆகஸ்ட் ஒன்பது, ஞாயிற்றுக்கிழமை. காலை ஆறு இருபது. மீட்டர் காட்டுவது எண்பத்திரண்டு மைக்ரான். உன் அப்பாவின் கருப்பு காரில், பானெட்டின் நடுவில், பெயிண்டின் மொத்தக் கனம் அவ்வளவுதான். கிட்டத்தட்ட ஒரு தலைமுடி. நீ மாடியில் தூங்குகிறாய், பெட்டி கட்டியாகிவிட்டது. சாயங்காலம் புனேக்கு ரயில், முதல் வேலை. ஸ்டேஷனில் பேசிக்கொள்ளலாமே என்பாய். முடியாது. அங்கே உன் அம்மா அழுவாள், உன் சித்தப்பா தண்ணீர் பாட்டிலாக வாங்கித் தள்ளுவார், நான் பார்க்கிங் கிடைக்கவில்லை என்று யாரோடாவது சண்டை போட்டுக்கொண்டிருப்பேன். அதனால் எழுதிவிடுகிறேன். இதைக் கடையின் பேஸ்புக் பக்கத்திலும் போடப்போகிறேன். நேற்றே உன்னிடம் கேட்டுவிட்டேன். "பேர் போடாதீங்க, போட்டோ போடாதீங்க, மத்தது உங்க இஷ்டம்" என்றாய். சரி.

நம்மைத் தெரியாமல் படிக்க வருகிறவர்களுக்காக இதையும் சொல்ல வேண்டும்: நான் உன்னைப் பெற்றவன் இல்லை. உனக்குப் பன்னிரண்டு வயதில் உன் அப்பா காய்ச்சல் என்று படுத்தவர் எழுந்திருக்கவில்லை. நாலு வருஷத்துக்கு முன்னால் நானும் உன் அம்மாவும் ரிஜிஸ்டர் கல்யாணம் செய்துகொண்டோம். எனக்கு முப்பத்தாறு, உனக்கு இருபத்திரண்டு. இந்த வித்தியாசத்தை வைத்துக்கொண்டு "மகனே" என்று ஆரம்பித்தால் எனக்கே சிரிப்பு வரும், அதனால் ஆரம்பிக்கவில்லை. நான் லால்குடிக்காரன், ஆட்டோமொபைல் டிப்ளமா, திருவானைக்காவல் பக்கம் கார் கழுவிப் பாலிஷ் போடும் டிடெயிலிங் ஷெட் வைத்திருப்பவன், பொறுமை கிடையாது. உங்கள் ஸ்ரீரங்கத்து வீட்டுக்குள் வந்த முதல் நாளே சாமி படத்தைப் பார்த்து "நாமம்" என்று சொல்லிவிட்டேன். "திருமண்னு சொல்லணும்" என்றாய். நீ என்னிடம் பேசிய முதல் வாக்கியம் அதுதான். அதற்கப்புறம் மரியாதையாகவே பேசினாய், ஆனால் என்னை எதுவும் சொல்லிக் கூப்பிட்டதில்லை. கூப்பிட வேண்டி வந்தால் பக்கத்தில் வந்து நின்று தொண்டையைச் செருமுவாய். ஷெட்டில் கம்ப்ரசர் ஓடும்போது அது யாருக்குக் கேட்கும்? நீ பத்து நிமிஷம் நின்றுவிட்டுத் திரும்பிப் போன நாட்கள் உண்டு. குறையாகச் சொல்லவில்லை. என்னிடமும் யாராவது இருபது வயதுக்கு அருகில் "இவரை இனிமேல் இப்படிக் கூப்பிடு" என்று சொல்லியிருந்தால் நான் வீட்டை விட்டே போயிருப்பேன். நீ செருமினாய். அது எவ்வளவோ மேல்.

போன மாதம் அப்படித்தான் செருமினாய். நல்லவேளை, கரண்ட் இல்லை. "அம்மா வண்டி ஓட்டக் கத்துண்டாச்சு. புத்தூர் ஆஸ்பத்திரி வேலைக்கு இனிமே கார்லதான் போவா. நான் கெளம்பறதுக்குள்ள பெயிண்டைச் சரி பண்ணித் தர முடியுமா?" என்றாய். பதினாலு வருஷ வண்டி. நிழலில் பார்த்தால் கருப்பு. வெயிலில் நிறுத்தினால் சூரியன் பட்ட இடத்தைச் சுற்றி வட்ட வட்டமாக, சிலந்தி வலை விரித்த மாதிரி மெல்லிய கீறல்கள். ஊரில் பாதிப் பேருக்கு இது என்னவென்றே தெரியாது, "வண்டி பழசாயிடுச்சு" என்பார்கள். பழசெல்லாம் ஆகவில்லை. பெயிண்டுக்கு மேலே கண்ணாடி மாதிரி ஒரு பூச்சு இருக்கிறது, கிளியர் கோட். கொள்ளிடக்கரை மணல் தூசி அதன் மேல் உட்காரும். காலையில் எழுந்து, தண்ணீர் ஊற்றாமல், பழைய வேட்டித் துணியால் சுற்றிச் சுற்றித் துடைப்பார்கள். துணி தூசியை எடுப்பதில்லை, தேய்க்கிறது. உன் அப்பா தினமும் துடைத்தார். அக்கறையாகத் துடைத்தார். அக்கறை இல்லாதவன் வண்டியில் இந்த அளவுக்குக் கோடு விழாது, இதை நான் தொழில் முறையில் சொல்கிறேன்.

உன் சித்தப்பாவுக்குத்தான் மனசு கேட்கவில்லை. வாசலில் வண்டியைச் சுற்றி வந்துவிட்டு, "அண்ணா தொட்டுத் துடைச்ச கோடுடா இது. அவன் கையே அதுல இருக்கு. அதைப் போய் மெஷின் போட்டு அழிக்கணுமா?" என்றார். நான் வாயைத் திறக்கப் போனேன். அந்த வாய் திறந்திருந்தால் அவர் அன்றைக்குச் சாப்பிடாமல் போயிருப்பார். நீ முந்திக்கொண்டாய். "சித்தப்பா, அப்பாவுக்கு இந்தக் கோடு பிடிக்கவே பிடிக்காது. வெயில்ல பாத்துட்டுத் தலையில அடிச்சுப்பார். துடைக்கத் துடைக்க ஏன் ஜாஸ்தியாறதுன்னு அவருக்குத் தெரியலை, அவ்வளவுதான். தெரிஞ்சிருந்தா அவரே எடுத்திருப்பார்." சித்தப்பா குனிந்து பானெட்டைப் பார்த்தார். பிறகு, "அதுவும் சரிதான், கஞ்சப்பய. தானே பண்றேன்னு எறங்கியிருப்பான்" என்று சிரித்துவிட்டார். செத்துப்போனவரை ஒரு படமாக்கி மாட்டாமல், அவருக்கு எது பிடிக்கும் எது பிடிக்காது என்று ஞாபகம் வைத்திருக்கிறாயே, அதை அன்றைக்குத்தான் முதலில் பார்த்தேன். எனக்கு அது பெரிய விஷயமாகப் பட்டது.

ஒன்றை மட்டும் நீ முதலிலேயே கறாராகச் சொல்லிவிட்டாய். ரீபெயின்ட் கூடாது. "கம்பெனி அடிச்ச பெயிண்டுதான் இருக்கணும். அப்பா வாங்கிண்டு வந்தப்ப இருந்தது." நான் பானெட்டைத் திரும்ப அடித்தால் கதவுக்கும் அதற்கும் நிறம் ஒட்டாது என்று என் பாஷையில் தலையாட்டினேன். காரணம் வேறு, முடிவு ஒன்று. ஆனால் அதற்கு என்ன அர்த்தம் என்று இரண்டு பேருக்கும் தெரியும். கீறலை எடுப்பது என்றால் கீறலை எடுப்பதில்லை. கீறலைச் சுற்றியுள்ள கிளியர் கோட்டைக் கீறலின் அடிமட்டம் வரை சீவி எடுக்கிறோம். ஒவ்வொரு தடவையும் கொஞ்சம் போகும், போனது வராது. ஓர் இடத்தில் பூச்சு தீர்ந்து அடியில் இருக்கும் கலர் வெளியே வந்துவிட்டால் பெயிண்ட் பூத்துக்கு அனுப்பித் திரும்ப அடிப்பதைத் தவிர வேறு வழி இல்லை. உன் அப்பா வாங்கி வந்த பானெட் அதோடு சரி.

வண்டியைக் கழுவி, ஒட்டிய துகளையெல்லாம் எடுத்துவிட்டு, மீட்டரை வைத்து வரிசையாகப் பார்த்துக்கொண்டு வந்தேன். கூரை, கதவு, டிக்கி எல்லாம் நூற்றுப் பதினைந்துக்குக் குறையவில்லை. பானெட்டும் ஓரங்களில் அப்படியே. நடுவில் வந்ததும் எண்பத்துநாலு. மீட்டர் கெட்டுவிட்டதோ என்று திரும்ப வைத்தேன். எண்பத்துநாலு. உள்ளங்கை அளவு இடம், அங்கே மட்டும். என் வாய் சும்மா இருக்குமா? "எவனோ ஒரு மடையன் இங்க மெஷினைப் போட்டு அரைச்சிருக்கான்டா. தொழில் தெரியாத பய. கையை ஒடைக்கணும்" என்றேன். நீ துணியை மடித்துக்கொண்டே, "அந்த மடையன் யாருன்னு தெரியாது. ஆனா ஆரம்பிச்சது நான்தான்" என்றாய்.

அப்புறம் சொன்னாய். நான் அதை இங்கே எழுதுகிறேன், உனக்கு மறந்திருக்காது, ஆனால் நான் எப்படிக் கேட்டேன் என்று உனக்குத் தெரிய வேண்டும். வண்டி வந்த வருஷம், முதல் ஆயுத பூஜை. உனக்கு எட்டு வயது. உன் அப்பா பானெட் நடுவில் பெரிதாகத் திருமண் இட்டு, நடுவே சிவப்பாக ஸ்ரீசூர்ணம் வைத்து, சந்தனம் தெளித்து, பூ போட்டு நிறுத்தியிருக்கிறார். மறுநாள் அது வெயிலில் காய்ந்து சுண்ணாம்பு மாதிரி இறுகிவிட்டது. தண்ணீர் பட்டும் சிவப்பு போகவில்லை. கோயிலுக்குப் போன அப்பா திரும்பி வருவதற்குள் பளபளவென்று ஆக்கி வைக்க வேண்டும் என்று உனக்கு ஆசை. வீட்டில் வெண்கலப் பாத்திரம் எப்படிப் பளபளக்கும் என்று பார்த்திருக்கிறாய் அல்லவா? புளி, பாத்திரம் தேய்க்கிற பவுடர், தேங்காய் நார். ஸ்டூல் போட்டு ஏறித் தேய்த்திருக்கிறாய். திருமண் போய்விட்டது. கருப்பும் போய்விட்டது. சாம்பல் நிறத்தில் ஒரு திட்டு. "எனக்குப் பயம் வந்துடுத்து. திருப்பியும் அதுமேல திருமண்ணைக் குழைச்சுப் பூசி மறைச்சுட்டேன்" என்றாய். எனக்குச் சிரிப்பு வந்தது, அடக்கிக்கொண்டேன். நீயே சிரித்துவிட்டாய்.

உன் அப்பா வந்து பார்த்தார். பார்த்துவிட்டு உன்னை ஒன்றும் சொல்லவில்லை. மறுநாள் வண்டியை எடுத்துக்கொண்டு போனார். எந்த ஷெட்டுக்கோ போய் மெஷின் போட்டுக் கருப்பை மீட்டுக்கொண்டு வந்தார். "வெயில்ல வெளுத்துடுத்து, சரி பண்ணிண்டு வந்தேன்" என்று உன் அம்மாவிடம் சொன்னார். உன் பக்கம் திரும்பவே இல்லை. அடுத்த வருஷம் ஆயுத பூஜைக்கு மறுநாள் ஒரு வாளித் தண்ணீரைத் தூக்கிக்கொண்டு வந்து, "வாடா, நாம ரெண்டு பேரும் ஊற வெச்சு எடுக்கலாம்" என்றாராம். அவ்வளவுதான் அவர் அதைப் பற்றிப் பேசியது. நான் மீட்டரைக் கையில் வைத்துக்கொண்டு நின்றேன். நாலு வருஷமாக அந்த வீட்டுச் சுவரில் அவர் போட்டோவை நேருக்கு நேர் பார்க்காமல் தப்பித்துக்கொண்டிருந்தவன் நான். புது வண்டி, கருப்பு கலர், பானெட் நடுவில் சாம்பல் திட்டு, எதிரில் எட்டு வயதுப் பையன். நானாக இருந்தால் தெரு முழுக்கக் கேட்டிருக்கும். அந்த மனுஷனைப் பிடித்துப்போய்விட்டது எனக்கு. மடையன் என்று சொன்னது அவரை இல்லை, மெஷின் போட்டவனை. அதை மாற்றிக்கொள்ளவும் மாட்டேன்.

அதற்கப்புறம்தான் நமக்குள் தகராறு. வண்டி முழுக்க மெஷின் போடலாம், அதில் உனக்கு ஆட்சேபணை இல்லை. நடுவில் மட்டும் கையால்தான் என்றாய். நான் மெஷினில் மாட்டும் மெத்தென்ற சாஃப்ட் பேட், மெல்லிய பாலிஷ், குறைந்த வேகம் என்று பாடம் எடுத்தேன். "கையால தேய்ச்சா பொங்கலுக்குத்தான் முடியும். அப்படியும் பாதிக் கோடு போகாது." நீ கேட்ட கேள்வி இதுதான்: "மெஷின் போட்டா எவ்வளவு போகும்னு முன்னாடியே சொல்ல முடியுமா?" முடியாது. மீட்டர் மொத்தக் கனத்தைத்தான் காட்டும், அதில் கிளியர் கோட் எவ்வளவு மிச்சம் என்று சொல்லாது. நான் தலையைச் சொறிந்தேன். நீ ஓரங்களுக்கு மாஸ்கிங் டேப் ஒட்டுகிற மாதிரி அந்த உள்ளங்கை இடத்தைச் சுற்றி நாலு பக்கமும் டேப் ஒட்டிவிட்டாய். கோர்ட்டில் தடை உத்தரவு வாங்கின மாதிரி.

மற்றதையெல்லாம் நான் மெஷினில் முடித்தேன். நீ சாயங்காலம் சாயங்காலம் வந்து, சின்ன ஸ்பாஞ்சில் மிளகளவு பாலிஷ் எடுத்து, வட்டமாக இல்லாமல் நேர்கோட்டில், நீளவாக்கில் ஒரு முறை, குறுக்கே ஒரு முறை, துடைத்துவிட்டு லைட் அடித்துப் பார்ப்பாய். திரும்பவும் முதலிலிருந்து. எனக்குப் பார்க்கவே கை அரித்தது. சத்தியமாகச் சொல்கிறேன், நீ தேய்க்கிற சத்தம் கேட்டால் வெளியே போய் டீ குடித்துவிட்டு வருவேன். நேற்று காலை நான் ஷெட்டுக்கு வந்தபோது ஏறக்குறைய முடிந்திருந்தது. வலை போய்விட்டது. லைட்டைச் சாய்த்துப் பிடித்தால் மட்டும் மெல்லிய மூட்டம், கண்ணாடியில் மூச்சு விட்ட மாதிரி. நீ காபி வாங்கப் போயிருந்தாய். டேப்பை உரித்தேன். மெஷினில் புது பேட் மாட்டினேன். ஒரே ஒரு தடவை, பத்து செகண்டு, மூட்டம் போய்விடும், நீயே அசந்துபோவாய் என்று நினைத்துக்கொண்டு ஸ்விட்சைப் போட்டேன்.

பேட் சுற்ற ஆரம்பித்து பானெட் மேல் இறங்குகிற நேரம், உன் கை வந்து அந்த இடத்தில் விழுந்தது. விரலை விரித்து, அப்படியே அழுத்தி. நீ எப்போது வந்தாய் என்று தெரியவில்லை. இன்னொரு கையில் காபி ஃபிளாஸ்க்.

"கையை எடுறா, பேட் ஓடுது!"

"நீங்க முதல்ல எடுங்கோ."

"லூசா நீ? நகம் பேந்துடும்."

"பேந்தா வளரும். இது வளராது."

மெஷினை நிறுத்தினேன். கம்ப்ரசரும் ஓடவில்லை, ஷெட்டில் ஒரு சத்தமும் இல்லை. எனக்குக் கோபம் வந்திருக்க வேண்டும். என் ஷெட், என் மெஷின், என் தொழில். வரவில்லை. நாலு வருஷத்தில் நீ மரியாதையை ஓரமாக வைத்துவிட்டு என் முகத்துக்கு நேராகச் சொன்ன முதல் வார்த்தை அது. செருமவில்லை, தயங்கவில்லை, ஒதுங்கி நின்று நான் திரும்பிப் பார்க்கக் காத்திருக்கவில்லை. வீட்டு மனுஷனிடம் பேசுவது போலப் பேசினாய். அதற்காக நான் அந்த பானெட்டையே கொடுத்திருப்பேன். கொடுக்காமல் காப்பாற்றியது நீ. பிறகு நீ ஃபிளாஸ்க்கைத் திறந்து முதல் டம்ளரை என்னிடம் நீட்டி, "சக்கரை கம்மி, கோச்சுக்காதீங்க" என்றாய். சர்க்கரையே இல்லை. குடித்தேன்.

காபிக்குப் பிறகு ஆல்கஹால் தெளித்து அந்த இடத்தைத் துடைத்தோம். இதைக் கஸ்டமர்களும் படித்துக்கொள்ளட்டும்: பாலிஷில் எண்ணெய் இருக்கும், அது கீறலுக்குள் போய் உட்கார்ந்துகொண்டு கீறலே இல்லாத மாதிரி காட்டும். பல இடங்களில் அப்படியே வெயிலில் நிறுத்தி, பார்த்தீங்களா சார் ஷோரூம் பளபளப்பு என்று கொடுத்து அனுப்பிவிடுவார்கள். நாலு தடவை கழுவினால் எண்ணெய் போய்விடும், கீறல் திரும்ப வந்துவிடும். எண்ணெயைத் துடைத்துவிட்டு நம் வேலையை நாமே பார்க்க ஒரு தைரியம் வேண்டும். துடைத்தோம். மூட்டம் அப்படியே இருந்தது, கூடவும் இல்லை, குறையவும் இல்லை. நான், "இன்னும் கொஞ்சம் தேய்ச்சா..." என்று இழுத்தேன். "போதும்" என்றாய். ஷெட் வாசலுக்குத் தள்ளிக்கொண்டு வந்து வெயிலில் நிறுத்தினோம். கருப்பு கருப்பாக இருந்தது. எதிர்வீட்டு மொட்டை மாடியில் காய்ந்த புடவையின் பார்டர்கூட அதில் தெரிந்தது. நடுவில் மட்டும், எங்கே பார்க்க வேண்டும் என்று தெரிந்தவனுக்கு, அந்த மூட்டம். வண்டியை எடுத்துப் போக வந்திருந்த உன் அம்மா சுற்றிச் சுற்றிப் பார்த்தாள், "எங்கேயும் ஒண்ணுமே தெரியலையே" என்றாள். நாம் இரண்டு பேரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொள்ளவில்லை.

புனே ஃபேக்டரியில் உன்னைக் குவாலிட்டி இன்ஸ்பெக்‌ஷனில் போடுகிறார்கள். உருப்படியாக ஆள் எடுத்திருக்கிறார்கள். அங்கே என்னை மாதிரி ஆட்கள் நிறைய இருப்பார்கள். இன்னும் ஒரு தடவை ஓட்டிப் பார்க்கலாம் என்பான் ஒருத்தன். எண்ணெய் போட்டு மறைத்து அனுப்பிவிடலாம், சாயங்காலத்துக்குள் லாரி ஏற வேண்டும் என்பான் இன்னொருத்தன். குரல் பெரிதாக இருக்கும், சம்பளமும் உன்னைவிடப் பெரிதாக இருக்கும். நேற்று கையை வைத்த மாதிரி வை. ஆனால் ஓடுகிற மெஷினில் மட்டும் இனிமேல் கையை வைக்காதே, சுவரில் ஸ்விட்ச் இருக்கிறது. இது மட்டும் புத்திமதி. மற்றதெல்லாம் எனக்கு உன்மேல் இருக்கிற மதிப்பு. அப்படித்தான் படி.

நேற்று சாயங்காலம் நீ ஒன்று கேட்டாய். உன் அப்பா போனதிலிருந்து ஆயுத பூஜைக்குத் திருமண் இடுவது நீதான். "இந்த வருஷம் நீங்க போட்டுடுங்கோ" என்றாய். நான் வீட்டில் விபூதிப் பட்டை போட்டு வளர்ந்தவன், எனக்கு எப்படி வரும் என்றேன். "அம்மாவுக்குக் கோடு கோணும். உங்களுக்கு மாஸ்கிங் டேப் நேரா ஒட்டத் தெரியுமே, அது போறும்." இவ்வளவு பாடுபட்டுவிட்டு அதே இடத்தில் மண்ணைப் பூசுவதா, கண்ணாடியில் போடலாமே என்று என் டிப்ளமா வாயைத் திறந்தது. "அங்கேதான் அப்பா போடுவார்" என்றாய். சரி என்றேன். ஒரே ஒரு நிபந்தனை: காயக்கூடாது. ஈரத்தில் தண்ணீர் ஊற்றினால் தானாக வழிந்துவிடும். காய்ந்தால் எவனுக்கும் தேய்க்கத்தான் தோன்றும், எண்பத்திரண்டு மைக்ரான் அதைத் தாங்காது. நீ யோசித்துவிட்டு, "அப்ப பக்கத்துலயே ஒருத்தர் நிக்கணும்" என்றாய்.

ராத்திரி படுத்துக்கொண்டு அதை யோசித்தேன். முடிவு செய்தவை:

1. இன்று ஸ்டேஷனுக்கு இந்த வண்டியில்தான் போகிறோம். உன் அம்மா ஓட்டுவாள். நான் பின் சீட்டில் உட்காருவேன். கிளட்சைப் பற்றி வாயைத் திறக்கமாட்டேன். காவிரிப் பாலத்து நெரிசலில் திறந்தால் மட்டும் கணக்கில் எடுத்துக்கொள்ளாதே.

2. டிக்கியில் இருக்கும் உன் அப்பாவின் வேட்டித் துணிகளைத் துவைத்து மடித்து அலமாரியில் வைப்பேன். வண்டிமேல் அவை படாது. தூக்கியும் போடமாட்டேன்.

3. உன் சித்தப்பா கையில் வறண்ட துணியோடு வண்டி பக்கம் வந்தால், கத்தாமல், தண்ணீர் வாளியை நீட்டுவேன். கத்தாமல் என்பதை முயற்சி செய்வேன்.

4. ஷெட்டில் கிடக்கிற பழைய பானெட்டில் டேப் ஒட்டித் திருமண் இட்டுப் பழகுவேன். ஞாயிறுதோறும் போட்டோ அனுப்புவேன். கோணினால் திட்டு, செருமாதே.

5. ஆயுத பூஜை அன்று காலை, வீட்டில் பூஜை முடிந்ததும், நடுவில், உன் அப்பா போட்ட இடத்திலேயே போடுவேன். பக்கத்தில் ஒரு வாளித் தண்ணீரும் நனைத்த துணியும் வைத்துவிட்டுக் கையைக் கட்டிக்கொண்டு நிற்பேன். போடுவது மட்டும்தான் என் வேலை. கழுவுவது உன்னுடையது. லீவு சொல்லி வை. அது காய்வதற்குள் வந்துவிடு.